கட்டளையைச் சொன்னால் போதுமா? – நிரல்மொழிக் கையேடும் நன்னூல் சொன்ன குற்றங்களும்

பெங்களூரில் மென்பொருள் துறையில் வேலை என்று சொன்னால் "புரோகிராம் எழுதுறீங்களா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். நான் எழுதுவது புரோகிராம் அல்ல. புரோகிராம் எழுதுகிறவர்கள் படிக்கும் கையேடு. டாக்குமென்டேஷன் என்பார்கள். "அதுக்கெல்லாம் தனியா ஆள் வேணுமா?" என்று நம் சங்கத்து நண்பர்களே கேட்டிருக்கிறார்கள். வேண்டும் என்பதையும், ஏன் வேண்டும் என்பதையும் ஒரே ஒரு எடுத்துக்காட்டை வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த எடுத்துக்காட்டு, பைத்தான் என்னும் நிரல்மொழியோடு வரும் 'பிப்' என்ற கருவி. கணினியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டிய கட்டளைகளை, மலரின் வாசகர்களுக்காக இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

பிப் என்பது என்ன?

பைத்தான் மொழியை உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். 1991-இல் முதன்முதலாக வெளியிட்டார். இன்று பள்ளி மாணவர் முதல் விஞ்ஞானி வரை பயன்படுத்தும் மொழி அது. ஆனால் பைத்தானில் எழுதுகிற எவரும் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. படத்தைச் சுருக்க வேண்டுமா, கணக்குப் போட வேண்டுமா, அதற்கான நிரலை ஏற்கெனவே யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருப்பார்கள். அப்படிக் கட்டி வைத்த நிரல்தான் பேக்கேஜ். தமிழில் தொகுப்பு என்கிறோம். இத்தொகுப்புகளுக்கான பொதுக் கிடங்கு பைபிஐ. 2003-இல் தொடங்கியது, இன்று அதில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் இருக்கின்றன. அங்கிருந்து கொண்டுவந்து நம் கணினியில் வைக்கிற கருவி பிப். 2008-இல் இயன் பிக்கிங் எழுதியது. 2014-இல் வந்த பைத்தான் 3.4 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது.

எளிமையாகச் சொன்னால், மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், சாமான் வாங்கி வந்து, அலமாரியில் அடுக்கி வைக்கிற பையன்தான் பிப். 'பிப் இன்ஸ்டால்' என்று தட்டி, தொகுப்பின் பெயரைப் போட்டால் போய் வாங்கி வருவான். அந்தத் தொகுப்புக்கு வேறு தொகுப்புகள் தேவைப்பட்டால் அவற்றையும் கேட்காமலே வாங்கி வருவான். இந்தத் துணைத் தேவைகளை டிபென்டென்சி, அதாவது சார்பு, என்பார்கள்.

ஒரு வரிக் கட்டளைதானே, இதற்கு எதற்குக் கையேடு என்று தோன்றும். அந்த ஒரு வரி நம் கணினியில் என்னவெல்லாம் செய்கிறது என்பதைச் சொல்வதற்குத்தான்.

பவணந்தியார் கொடுத்த அளவுகோல்

நல்ல கையேடு எது, மோசமான கையேடு எது என்பதற்கு மேலைநாட்டார் பல நூல்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் உதவிய அளவுகோல் நன்னூலில் இருக்கிறது. பவணந்தி முனிவர் தம் நூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து என்று வகுத்திருக்கிறார். கல்லூரியில் மனப்பாடம் செய்த காலத்தில் பரீட்சைக்கு மட்டும் உதவிய பட்டியல் அது. கையேட்டு வேலைக்கு வந்த பிறகு அன்றாடம் உதவுகிறது. பத்தில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பிப்பின் கையேட்டோடு பொருத்திப் பார்ப்போம். ஐந்தில் கடைசியாக வருவதுதான் உண்மையிலேயே ஆபத்தானது.

1. மிகைபடக் கூறல்

தேவைக்கு மேல் சொல்வது. 'பிப் இன்ஸ்டால்' கட்டளைக்குப் பல பத்து விருப்பக் குறிகள் உண்டு. அத்தனையையும் முதல் பக்கத்திலேயே கொட்டினால், புதிதாக வருகிறவர் அங்கேயே எழுந்து போய்விடுவார்.

இன்னொரு வகை மிகையும் உண்டு. 'ஜஸ்ட்', 'சிம்ப்ளி' என்று ஆங்கிலக் கையேடுகளில் வரும் சொற்கள். "சும்மா இந்தக் கட்டளையைப் போட்டா போதும், ஈசியா வந்துடும்" என்று எழுதியிருக்கும். எழுதுகிறவர் தைரியம் கொடுப்பதாக நினைத்து எழுதுகிறார். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தைத் தட்டுத் தடுமாறிப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தக் கட்டளை வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஈசின்னு போட்டிருக்கு, எனக்கு வரலையே, அப்ப நமக்கு இந்த ஃபீல்டு சரிப்படாது போல" என்று அவள் முடிவு கட்டிவிடுவாள். வாசகருக்கு எளிதா கடினமா என்பது எழுதுகிறவர் சொல்லக்கூடிய விஷயம் அல்ல. ஆகவே நான் திருத்தும் பக்கங்களில் முதலில் அடிபடுவது இந்தச் சொற்கள்தான்.

2. மயங்க வைத்தல்

ஒன்று சொன்னால் இரண்டு பொருள் படுவது. பைத்தான் உலகில் இதற்குப் பஞ்சமே இல்லை.

முதலாவது, பெயர் மயக்கம். கடையில் கேட்க வேண்டிய பெயர் ஒன்று, நிரலுக்குள் அழைக்கிற பெயர் வேறொன்று. நிரலில் 'சிவி2' என்று அழைக்கிற தொகுப்பைப் பிப்பிடம் 'ஓப்பன்சிவி-பைத்தான்' என்று கேட்க வேண்டும். 'பிஐஎல்' என்று அழைப்பதைப் 'பில்லோ' என்று கேட்க வேண்டும். 'எஸ்கேலேர்ன்' என்பதன் கடைப்பெயர் 'சைகிட்-லேர்ன்'. நிரலில் பார்த்த பெயரையே பிப்பிடம் கொடுத்தால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். வேறு யாரோ அந்தப் பெயரில் வைத்த சரக்கு வந்தும் சேரலாம். சைகிட்-லேர்ன் குழுவினர் 'எஸ்கேலேர்ன்' என்ற பெயரையும் தாங்களே வைத்துக்கொண்டு, 2022 டிசம்பர் முதல் அந்தப் பெயரில் கேட்பவர்களுக்கு வேண்டுமென்றே ஒரு பிழைச்செய்தி காட்டத் தொடங்கினார்கள். சரியான பெயர் எது என்பது அந்தச் செய்தியிலேயே இருக்கும்.

இரண்டாவது, எந்தப் பைத்தான் என்ற மயக்கம். ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருப்பது சகஜம். வெறுமனே 'பிப்' என்றால் எந்தப் பைத்தானுக்கு வாங்கி வருவான்? அதனால்தான் பிப்பின் கையேடு 'பைத்தான் -எம் பிப்' என்று நீட்டி எழுதச் சொல்கிறது. எந்தப் பைத்தானோ அதன் பிப் என்று பொருள் தெளிவாகிவிடும். விண்டோஸ் காரர்களுக்கு ஒரு வடிவம், லினக்ஸ், மேக் காரர்களுக்கு ஒரு வடிவம் என்று தனித்தனியாகவும் காட்டுகிறது.

மூன்றாவது, குறி மயக்கம். தொகுப்பின் பதிப்பு எண்ணைக் குறிக்க '~=' என்று ஒரு குறி உண்டு. 'ஒத்துப்போகும் பதிப்பு' என்று மட்டும் விளக்கம் எழுதினால் யாருக்குப் புரியும்? எடுத்துக்காட்டு கொடுத்தால் ஒரு நிமிடத்தில் புரியும். '~=2.2' என்றால் 2.2, 2.3, 2.9 எல்லாம் வரலாம், 3.0 வரக்கூடாது. '~=2.2.1' என்றால் 2.2.5 வரலாம், 2.3 வரக்கூடாது. வரக்கூடியதைச் சொன்னதோடு வரக்கூடாததையும் சொன்னதால்தான் விளக்கம் முழுமையாகிறது.

3. மாறுகொளக் கூறல்

முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. ஒரே எழுத்தாளர் ஒரே பக்கத்தில் முரண்படுவது குறைவு. காலம் மாறுவதால் வரும் முரண்தான் அதிகம்.

2020 நவம்பரில் வந்த பிப் 20.3 இதற்கு நல்ல உதாரணம். அதற்கு முன்பு, இரண்டு தொகுப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத பதிப்புகளைக் கேட்டால், பிப் முதலில் கண்ணில் பட்டதை வாங்கி வைத்துவிடும். பிறகு நிரல் எங்கோ உடையும். 20.3 முதல், ஒத்துவரவில்லை என்றால் வாங்க மறுத்து, பிழைச்செய்தி தருகிறது. நேற்று வரை ஓடிய கட்டளை இன்று நின்றுபோனால் பயனருக்குக் கோபம் வரத்தானே செய்யும்? அந்த மாற்றத்துக்காகப் பிப் குழுவினர் பயனர் அனுபவ ஆய்வாளர்களை அமர்த்தி, பயனர்களிடமே கேட்டறிந்தார்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று கையேட்டில் தனிப்பகுதி எழுதினார்கள். பிழைச்செய்தியின் உள்ளேயே, இதைச் சரிசெய்வது எப்படி என்று விளக்கும் கையேட்டுப் பக்கத்தின் முகவரியையும் வைத்தார்கள். இக்கட்டில் நிற்பவர் கையேட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. கையேடே அவரிடம் வந்துவிடுகிறது.

பழைய வழிமுறைகள் சாவதே இல்லை என்பது இன்னொரு தொல்லை. 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பழைய கருவி 2023 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.12-இல் அடியோடு நீக்கப்பட்டது. அதை நம்பி எழுதிய பாடங்கள் இன்னமும் உலாவுகின்றன. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் இது எந்தப் பதிப்புக்கு எழுதியது, எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று போடுவது அவசியம். பால் பாக்கெட்டில் தேதி பார்க்கிற நாம் கையேட்டிலும் பார்க்க வேண்டாமா?

4. மற்றொன்று விரித்தல்

எடுத்த பொருளை விட்டு இன்னொன்றை விரித்துக்கொண்டு போவது. டானியேல் புரோசிடா என்பவர் கையேட்டு எழுத்தை நான்காகப் பிரித்தார். கைப்பிடித்துக் கற்றுத்தரும் பாடம் ஒன்று. குறிப்பிட்ட வேலையை முடிக்க வழிகாட்டுவது ஒன்று. அகராதி போலப் பார்த்துக்கொள்ள உதவுவது ஒன்று. ஏன், எதற்கு என்று விளக்குவது ஒன்று. இந்தப் பகுப்பை இப்போது 'டயாடாக்ஸிஸ்' என்கிறார்கள். நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்தால் யாருக்கும் உதவாது என்பது அவர் கருத்து. பைத்தான் தொகுப்புகளுக்கான பொது வழிகாட்டி நூலும் பாடங்கள், வழிகாட்டிகள், விவாதங்கள், விதிமுறைகள் என்று பிரிந்தே இருக்கிறது.

நம் ஊர்ச் சூழலில் இருந்தே ஒரு தேவையைச் சொல்கிறேன். இணையம் இல்லாத ஒரு கல்லூரி ஆய்வகம். 40 கணினிகளில் ஒரு தொகுப்பை வைக்க வேண்டும். ஆசிரியர் கேட்பது, "நெட் இல்லாம எப்படி வைக்கிறது?" என்பது மட்டும்தான். அவருக்கு வேண்டிய பக்கம் இவ்வளவு போதும்: இணையம் உள்ள கணினியில் 'பிப் டவுன்லோட்' என்று கொடுத்துத் தொகுப்பையும் சார்புகளையும் ஒரு கோப்புறையில் இறக்குங்கள், பென்டிரைவில் கொண்டுபோங்கள், ஆய்வகக் கணினியில் 'நோ-இன்டெக்ஸ்', 'ஃபைண்டு-லிங்க்ஸ்' என்ற இரண்டு குறிகளோடு அந்தக் கோப்புறையிலிருந்து நிறுவுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: இறக்கும் கணினியும் ஆய்வகக் கணினியும் ஒரே இயங்குதளமும் ஒரே பைத்தான் பதிப்பும் கொண்டவையாக இருக்கட்டும், பல தொகுப்புகள் அவற்றைப் பொறுத்து மாறும். இந்த இடத்தில் பைபிஐயின் வரலாற்றைத் தொடங்கினால் ஆசிரியரின் ஒரு வகுப்பு வீண்.

5. குன்றக் கூறல்

குறைத்துச் சொல்வது, சொல்ல வேண்டியதை விட்டுவிடுவது. மற்ற நான்கு குற்றங்களும் வாசகரின் நேரத்தைத் தின்னும். இது அவருடைய கணினியையே தின்றுவிடும். இரண்டு நிகழ்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது, அலமாரி விவகாரம். லினக்ஸ் இயங்குதளங்களின் சில உள்கருவிகளே பைத்தானில் எழுதப்பட்டவை. அவை பயன்படுத்தும் தொகுப்புகள் இயங்குதளத்தின் சொந்த அலமாரியில் இருக்கும். நிர்வாகி உரிமையோடு 'சூடோ பிப் இன்ஸ்டால்' என்று போட்டால் பிப் அதே அலமாரியில் கை வைக்கும். அங்கிருந்த பதிப்புக்கு மேலாக வேறு பதிப்பு வந்து உட்காரும். இயங்குதளத்தின் கருவி உடையும். வீட்டுக்காரர் அலமாரியில் குடித்தனக்காரர் சாமானை வைத்தது மாதிரி. எத்தனையோ பாடங்கள் 'சூடோ' போடுங்கள் என்று மட்டும் சொல்லின. எந்த அலமாரி என்று சொல்லவில்லை.

இதற்குத் தீர்வாகப் பெப் 668 என்ற விதிமுறை வந்தது. 2023-இல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவை அதைப் பின்பற்றின. இப்போது அங்கே பிப்பை நேரடியாக அழைத்தால் அது மறுக்கிறது. மறுப்பதோடு நிற்காமல், ஏன் மறுக்கிறது, மாற்று வழிகள் எவை என்று அந்த இடத்திலேயே சொல்கிறது. இயங்குதளத்தின் 'ஆப்ட்' கருவி வழியாக வாங்கலாம், அல்லது தனக்கென்று ஒரு தனி அலமாரி, அதாவது மெய்நிகர் சூழல், அமைத்துக்கொள்ளலாம். இல்லை, கட்டாயம் இங்கேயே வைப்பேன் என்பவருக்கும் ஒரு குறி உண்டு. அதன் பெயர் 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்', அமைப்பின் தொகுப்புகளை உடை என்று பொருள். விளைவையே பெயராக வைத்திருக்கிறார்கள். அதைத் தட்டுகிறவர் தெரியாமல் தட்டினேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, இரண்டு கடை விவகாரம். நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தொகுப்புகளைத் தனிக் கிடங்கில் வைத்திருக்கும். 'எக்ஸ்ட்ரா-இன்டெக்ஸ்-யூஆர்எல்' என்ற குறியைக் கொடுத்தால், பிப் பொதுக் கடையோடு இந்தத் தனிக் கடையையும் பார்க்கும். எந்தக் கடைக்கு முன்னுரிமை? யாருக்கும் கிடையாது. ஒரே பெயரில் இரண்டிலும் சரக்கு இருந்தால், எதன் பதிப்பு எண் பெரிதோ அதை எடுத்து வரும். "நம்ம கடையைத்தானே சொல்லியிருக்கோம், அங்கிருந்துதான் வரும்" என்று பலரும் நம்பியிருந்தார்கள்.

2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சான் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த ஓட்டையை வெளியிட்டார். நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்தும் தொகுப்புப் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயர்களில் பொதுக் கிடங்குகளில் தம் தொகுப்புகளை வைத்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், பேபால் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கணினிகளுக்குள் அவருடைய நிரல் போய் ஓடியது. அவர் நல்லெண்ணத்தோடு சோதித்தவர். 2022 டிசம்பரில் நடந்தது அப்படியல்ல. பைடார்ச் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியின் அன்றாடச் சோதனைப் பதிப்புக்கு 'டார்ச்ட்ரைட்டன்' என்ற சார்பு உண்டு. அதே பெயரில் யாரோ பைபிஐயில் தீய தொகுப்பு ஒன்றை வைத்துவிட்டார்கள். டிசம்பர் 25 முதல் 30 வரை லினக்ஸில் அந்தச் சோதனைப் பதிப்பைப் பிப் வழியாக நிறுவியவர்களுக்கு அந்தத் தீய சரக்கே போய்ச் சேர்ந்தது. அது பயனரின் ரகசியச் சாவிகளைக்கூடத் திருடி அனுப்பக்கூடியது.

இன்று பிப்பின் கையேட்டில் அந்தக் குறிக்குப் பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது: பொதுக் கிடங்கில் இல்லாத தனித் தொகுப்புகளைத் தேட இதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல என்று. குறியின் வேலை மாறவில்லை. முன்பு வாசகர் தாமாக ஊகித்துக்கொண்டிருந்த ஓர் இடத்தைக் கையேடு இப்போது நிரப்பியிருக்கிறது. இரண்டு வாக்கியந்தான், ஆனால் அதைப் படித்த ஒரு பொறியாளர் தன் நிறுவனத்தின் கதவைத் தாழிட முடியும்.

அப்படியானால் எப்படி எழுதுவது?

கட்டளை எழுதும் இடத்திலெல்லாம் நான்கு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும் என்பது என் துணிபு. இது என்ன செய்யும்? எங்கே செய்யும்? செய்ததை எப்படித் திரும்பப் பெறுவது? எதற்கு இதை நம்பக் கூடாது? தமிழில் ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்.

"ஒரு தொகுப்பை நிறுவுதல். பைத்தான் 3-உம் இணையமும் தேவை. முதலில் உங்கள் திட்டக் கோப்புறைக்குள் 'பைத்தான் -எம் வென்வ்' கட்டளையால் மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி, அதைச் செயல்படுத்துங்கள். பிறகு 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று தட்டித் தொகுப்பின் பெயரைக் கொடுங்கள். தொகுப்பும் அதன் சார்புகளும் இந்தச் சூழலுக்குள் மட்டும் வந்து சேரும். கணினியின் மற்ற பகுதிகள் மாறா. 'பிப் அன்இன்ஸ்டால்' கொடுத்தால் தொகுப்பு மட்டும் நீங்கும். கூட வந்த சார்புகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் நீக்க வேண்டுமானால் சூழலின் கோப்புறையையே அழித்துவிடலாம். பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டுங்கள். ஒத்த பெயரில் தீய தொகுப்புகள் இருக்கலாம், பிப் அதைக் கண்டுபிடித்துச் சொல்லாது."

பத்து வரிகூட இல்லை. கலைச்சொற்களைப் பொறுத்தவரை தொகுப்பு, சார்பு, பதிப்பு என்று நம் சொற்களைத் தாராளமாகக் கையாளலாம். ஒரு சொல்லை எடுத்தால் கடைசி வரை அதே சொல். கட்டளையை மட்டும் மொழிபெயர்க்கவே கூடாது. கணினிக்கு அது அப்படியே வேண்டும். கட்டளைக்கு முன்னால் அடையாளத்துக்காகப் போடும் டாலர் குறியையும் விட்டுவிடுவது நல்லது. புதியவர்கள் அதையும் சேர்த்துத் தட்டிவிட்டு விழிப்பார்கள்.

கடைசியாக, நம் சங்கத்தில் உள்ள இளைய தலைமுறைக்கு ஒரு வேண்டுகோள். பிப்பின் கையேடு திறந்த மூலமாக, யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய வகையில் கிட்ஹப்பில் இருக்கிறது. அதற்குப் பெரிய நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. படிக்கும்போது எந்த வரியில் தடுக்கி நின்றீர்களோ, அந்த வரியைக் குறித்து வையுங்கள். அது மயங்க வைத்தலா, குன்றக் கூறலா என்று பாருங்கள். விடுபட்ட ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள். பழகியவர் கண்ணுக்குப் படாத குறை, புதிதாகப் படிப்பவர் கண்ணுக்குத்தான் படும். அந்தக் கண் ஓரிரு வருடம்தான் இருக்கும், அதற்குள் எழுதிவிடுங்கள்.